இருபதுக்கு எத்தனை?

நாங்கள் பள்ளியில் படித்த காலத்தில், புதுச்சேரியில் ஒரு பையனிடம் அவன் அப்பா மார்க் கேட்கும் விதத்தை வைத்தே அவன் எந்தப் பள்ளி என்று சொல்லிவிடலாம். "நூற்றுக்கு எத்தனை?" என்றால் தமிழ்ப் பள்ளி அல்லது இங்கிலீஷ் பள்ளி. "இருபதுக்கு எத்தனை?" என்றால் பிரெஞ்சுப் பள்ளி. ஒரே தெருவில் ஒரே திண்ணையில் விளையாடும் பிள்ளைகள்தான் எல்லோரும். பரீட்சை முடிந்ததும் மட்டும் இரண்டு தேசத்துக்காரர்கள் ஆகிவிடுவோம். பன்னிரண்டு மார்க் என்று சொன்னால் பக்கத்து வீட்டுப் பாட்டி, "ஐயோ பாவம், பெயிலா தம்பி?" என்று கேட்பார். இருபதுக்குப் பன்னிரண்டு என்பது பிரெஞ்சுக்காரர் கணக்கில் 'அஸ்ஸே பியேன்', அதாவது ஓரளவு நன்று. பதினான்கு 'பியேன்'. பதினாறு 'த்ரே பியேன்'. அதற்கு மேல் எவரும் சுலபத்தில் ஏறியதில்லை. இருபது கடவுளுக்கு, பத்தொன்பது ஆசிரியருக்கு என்று வேடிக்கையாகச் சொல்வார்கள்.

இந்த இருபது எங்கிருந்து வந்தது, அதன் கீழே உட்கார்ந்திருந்த பிள்ளைகளின் மனத்தை அது என்ன செய்தது என்பதைச் சற்று எழுதலாம் என்று தோன்றியது. பள்ளிக்கூட வரலாற்றை எழுதுகிறவர்கள் பெரும்பாலும் சட்டங்களையும் கட்டடங்களையும் பற்றி எழுதுகிறார்கள். பெஞ்சில் உட்கார்ந்தவனின் வயிற்றில் புளி கரைத்ததை அவ்வளவாக எழுதுவதில்லை.

முதலில் மார்க்கே கிடையாது, போட்டிதான் இருந்தது. இயேசு சபையார் 1599இல் தங்கள் பள்ளிகளுக்கென்று ஒரு பாடமுறைத் திட்டம் வகுத்தார்கள். அவர்களுடைய கல்லூரிகளில் வகுப்பை இரண்டு படையாகப் பிரிப்பார்கள். ஒன்று ரோமர் படை, மற்றது கார்த்தேஜ் படை. ஒவ்வொரு பையனுக்கும் எதிரணியில் ஒரு போட்டியாளன் உண்டு. இவன் தவறினால் அவன் எழுந்து திருத்துவான். பிள்ளைகள் பிரம்பைவிட வெட்கத்துக்கும் ஆசைக்கும் அதிகம் கட்டுப்படுவார்கள் என்பது அவர்கள் கண்டுபிடித்த சூத்திரம். அடியைக் குறைத்தார்கள் என்ற வகையில் அது ஒரு முன்னேற்றமே. ஆனால் பக்கத்தில் இருப்பவனை முந்துவதுதான் படிப்பு என்ற எண்ணமும் அங்கேதான் வேர்விட்டது.

அடுத்து வந்தவர் நெப்போலியன். 1808 மார்ச் 17ஆம் தேதி ஆணையால் பக்கலோரெயாத் தேர்வை ஏற்படுத்தினார். மறு ஆண்டு தேர்வில் 31 பேர் தேறினார்கள். அன்று அது வாய்மொழித் தேர்வு. பத்தொன்பதாம் நூற்றாண்டில் பல ஆண்டுகள் அதற்கு மதிப்பெண்ணே கிடையாது, உருண்டைதான். தேர்வாளர்கள் ஆளுக்கொரு சிறு உருண்டையைப் போடுவார்கள். வெள்ளை என்றால் சம்மதம், கறுப்பு என்றால் மறுப்பு, சிவப்பு என்றால் நடுவில். அந்த உருண்டைகளை எண்ணித்தான் பையனின் விதியைச் சொன்னார்கள். 1890இல்தான் உருண்டைகளை ஒதுக்கிவிட்டு, சைபர் முதல் இருபது வரை எண் போடும் முறையை நிலைநாட்டினார்கள். நாங்கள் ஆதிகாலத்திலிருந்து வருவதாக நினைத்திருந்த இருபதுக்கு அவ்வளவுதான் வயது. 1826இல் புதுச்சேரியில் பிரெஞ்சு அரசாங்கக் கல்லூரி, அதாவது இன்றைய லிசே, தொடங்கியபோது அந்த இருபது பிறக்கவே இல்லை.

பக்கலோரெயா சிலருக்கு. சாமானியர் வீட்டுப் பிள்ளைகளுக்கு வாய்த்தது 'செர்த்திபிக்கா', ஆரம்பக் கல்விச் சான்றிதழ். 1866இல் கல்வி அமைச்சர் விக்தோர் துரூயி அதற்கு ஏற்பாடு செய்தார். 1882 மார்ச் 28ஆம் தேதி ழூல் ஃபெரி கொண்டுவந்த கட்டாயக் கல்விச் சட்டம் அதைப் பிரான்சு முழுவதும் உறுதியாக்கியது. கடைசியாக 1989இல்தான் அதை எடுத்தார்கள். பிரான்சின் கிராமத்து வீடுகளில் அந்தத் தாளைச் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டியிருப்பார்கள். நம் ஊரிலும் சில வீடுகளில் தாத்தா படத்துக்குப் பக்கத்தில் அது தொங்குவதை நான் பார்த்திருக்கிறேன். அது பெருமைக்குரிய தாள்தான். ஆனால் அந்தத் தாள் கிடைக்காதவர்களின் வீட்டுச் சுவரில் ஒன்றும் தொங்கவில்லை. ஆகவே அவர்களின் கதையும் நமக்குத் தெரிவதில்லை.

அந்தத் தேர்வின் வாசற்படி 'திக்தே', சொல்வதை எழுதுதல். முசியே முதலில் முழுவதையும் ஒருமுறை வாசிப்பார். பிறகு துண்டு துண்டாகச் சொல்வார். 'விர்கூல்' என்றால் காற்புள்ளி, 'புவேன்' என்றால் முற்றுப்புள்ளி. கடைசியில் மறுபடியும் ஒருமுறை வாசிப்பார். அதற்குள் திருத்திக்கொள்ள வேண்டும். ஐந்து பிழை என்றால் சைபர். திக்தேயில் சைபர் என்றால் மற்றப் பாடங்களில் என்ன வாங்கினாலும் சான்றிதழ் இல்லை.

பிரெஞ்சு அறியாத நண்பர்களுக்கு இதில் உள்ள கஷ்டத்தைச் சொல்ல வேண்டும். நம் தமிழில் 'வந்தான்' என்பதற்கும் 'வந்தார்கள்' என்பதற்கும் காதிலேயே வித்தியாசம் கேட்கும். பிரெஞ்சில் அப்படியில்லை. 'இல் பார்ல்' என்று சொன்னால் அவன் பேசுகிறான் என்றும் இருக்கலாம், அவர்கள் பேசுகிறார்கள் என்றும் இருக்கலாம். ஒலி ஒன்றுதான். எழுதும்போது மட்டும் பன்மைக்கு மூன்று எழுத்துகள் ஒலியே இல்லாமல் கடைசியில் வந்து உட்கார்ந்துகொள்ளும். அந்த ஊமை எழுத்துகள்தான் பிள்ளைகளைக் கவிழ்த்தவை. பிரான்சில் பிறந்த பிள்ளைக்கே அது கண்ணிவெடி. வீட்டில் தமிழ் பேசிவிட்டு எட்டு மணிக்குப் பள்ளியில் நுழையும் பிள்ளைக்குச் சொல்லவா வேண்டும்?

பெரியவர்களும் தப்பியதில்லை. 1857இல் மூன்றாம் நெப்போலியன் அரசவையில், எழுத்தாளர் ப்ரோஸ்பெர் மெரிமே வேண்டுமென்றே கடினமான ஒரு திக்தேயைப் பொழுதுபோக்காகக் கொடுத்தாராம். சக்கரவர்த்தி 75 பிழை, மகாராணி 62 பிழை. மூன்றே பிழையோடு முதலில் வந்தவர் ஆஸ்திரியா நாட்டுத் தூதர் என்று சொல்வார்கள். சக்கரவர்த்தி செர்த்திபிக்கா எழுதியிருந்தால் பதினைந்து முறை சைபர் வாங்கியிருப்பார். அதற்காக அவர் சிம்மாசனத்தை யாரும் பிடுங்கவில்லை. எங்களுக்கு அப்படியில்லை.

என் வகுப்பில் ஒருவன் இருந்தான். மில் தொழிலாளியின் மகன். பெயர் வேண்டாம். கணக்கில் கெட்டிக்காரன். வகுப்பில் ஆளுக்காள் நோட்டை மாற்றி, பிழைகளை எண்ணிக் கொடுப்பது வழக்கம். அவன் நோட்டு என்னிடம் வரும். வருட ஆரம்பத்தில் அவனுக்கு முப்பதுக்கு மேல் பிழை. சிவப்பு மையில் சைபர். டிசம்பரில் இருபது. மறுபடி சைபர். பெரிய விடுமுறைக்கு முன்பு பதினொன்றாகக் குறைத்துவிட்டான். அதற்கும் சைபர்தான். அன்று அவன் என்னிடம் கேட்டது இன்றும் காதில் இருக்கிறது: "முப்பதுக்கும் சைபர், பதினொண்ணுக்கும் சைபர். அப்புறம் எதுக்குடா படிக்கணும்?"

மறு வருடம் அவன் வரவில்லை, மில்லுக்குப் போய்விட்டான். வறுமை முக்கியக் காரணம், சந்தேகமில்லை. ஆனாலும் அந்த வருடம் வகுப்பிலேயே அதிகமாகக் கற்றுக்கொண்டவன் அவன்தான். முப்பதைப் பதினொன்றாக்குவது, நாலை மூன்றாக்குவதைவிட எவ்வளவு பெரிய வேலை! அந்த வேலையை அளக்க எங்கள் முசியேயிடம் அளவுகோல் இல்லை. அவர் கெட்டவர் அல்லர். அவர் கையில் கொடுத்திருந்த முழம் சைபருக்குக் கீழே அளக்காது, அவ்வளவுதான். கற்றுக்கொண்டதும் கற்றுக்கொள்ளாததும் ஒரே எண்ணாக வந்தால், அந்த எண் பிள்ளைக்குச் சொல்வது ஒன்றுதான்: நீ உழைத்தது கணக்கில் இல்லை.

மார்க்கைவிடப் பயமானது அதை அறிவிக்கும் முறை. மூன்று மாதத்துக்கு ஒருமுறை 'கொம்பொசிசியோன்', அதாவது பருவத் தேர்வு. முடிவைத் தலைமை ஆசிரியர் வகுப்புக்கு வந்து முதலாமவனிடமிருந்து கடைசியானவன் வரை வரிசையாக வாசிப்பார். எல்லோரும் எழுந்து நிற்க வேண்டும். முதல் ஐந்து பெயருக்குள் வராது என்று தெரிந்தவனும் காத்திருப்பான். பத்து, பதினைந்து என்று போகப் போக, காது தன் பெயரை மட்டும் தேடும். மற்றவன் பெயர் வந்தால் ஒரு நொடி பொறாமை. தன் பெயர் வந்தால் ஒரு நொடி நிம்மதி. கடைசியில் மூன்று பேர் மிச்சம் இருக்கும்போது வகுப்பே திரும்பிப் பார்க்கும். வருடக் கடைசியில் பரிசளிப்பு விழா. சிவப்பு அட்டை, தங்க விளிம்பு போட்ட புத்தகங்கள். எப்போதும் அதே நாலைந்து பிள்ளைகள் மேடை ஏறுவார்கள். மீதிப் பேர் கை தட்டுவோம். கை தட்டுவதற்கும் ஒரு பரிசு வைத்திருந்தால் எங்களுக்குக் கிடைத்திருக்கும்.

பிறகு 'கர்னே', மதிப்பெண் புத்தகம். வீட்டில் அப்பா கையெழுத்துப் போட வேண்டும். என் அப்பாவுக்குப் பிரெஞ்சு பேசத் தெரியும், வாசிக்கத் தெரியாது. "என்ன எழுதியிருக்கார் உங்க முசியே?" என்று கேட்பார். நான்தான் வாசித்துச் சொல்ல வேண்டும். பெரும்பாலும் ஒரே வாக்கியம் இருக்கும்: 'பெ மியூ ஃபேர்'. இன்னும் நன்றாகச் செய்ய முடியும் என்று பொருள். பிரான்சில் படித்த எவரும் இதை மறக்க முடியாது. கேட்க நல்ல வார்த்தைதான். ஆனால் எதை, எப்படி நன்றாகச் செய்வது என்று அதில் ஒரு சொல்லும் இருக்காது. அப்பா அதைக் கேட்டுவிட்டு, "அப்ப செய்யேன்" என்பார், தமிழில் கையெழுத்துப் போடுவார். அவர் கேட்டது நியாயம்தான். செய்ய ஆசை எனக்கும் இருந்தது. வழி தெரியவில்லை.

அந்த இருபது சரியான தராசுதானா என்ற சந்தேகம் பிரெஞ்சுக்காரர்களுக்கே வந்துவிட்டிருந்தது. உளவியல் அறிஞர் ஆன்ரி பியரோன் தேர்வுகளையே ஆராயும் துறை ஒன்றைத் தொடங்கி அதற்குக் கிரேக்கச் சொல்லிலிருந்து ஒரு பெயரும் வைத்தார். 1930களில் ஆன்ரி லோழியே என்பவரும் உடன் பணிபுரிந்த வேன்பெர்க் அம்மையாரும் ஒரு சோதனை செய்தார்கள். பக்கலோரெயா விடைத்தாள்களை, ஒருவர் போட்ட மார்க் மற்றவருக்குத் தெரியாமல், பல தேர்வாளர்களிடம் கொடுத்துத் திருத்தச் சொன்னார்கள். ஒரே தாள் ஒருவரிடம் தேறியது, மற்றவரிடம் விழுந்தது. தனி மனிதரின் கை வீச்சு அகன்று, ஒரு தாளுக்கு நம்பத்தக்க சராசரி வர வேண்டுமானால் எத்தனை பேர் திருத்த வேண்டும் என்று கணக்குப் போட்டார்கள். கணிதத்துக்கு 13 பேர். பிரெஞ்சுக் கட்டுரைக்கு 78 பேர். தத்துவத்துக்கு 127 பேர்! கணிதத்துக்கே 13 பேர் என்பதுதான் எனக்கு அதிக ஆச்சரியம். அந்தக் கணக்கு 1936இல் வெளிவந்தது. அதற்கு முப்பது ஆண்டு கழித்தும் நாங்கள் ஒரே ஒரு முசியேயின் பேனாவை நம்பி நடுங்கிக்கொண்டிருந்தோம்.

மார்க்கே வேண்டாம் என்று சொன்ன ஆசிரியர்களும் அங்கே இருந்தார்கள். செலஸ்தேன் ஃப்ரெனே அவர்களில் ஒருவர். தென் பிரான்சில் கிராமப் பள்ளி ஆசிரியர். முதல் உலகப் போரில் நுரையீரலில் காயம்பட்டவர். 1920களில் வகுப்புக்குள் ஒரு சிறு அச்சு இயந்திரத்தைக் கொண்டுவந்து வைத்தார். பிள்ளைகள் தாங்கள் எழுதியதைத் தாங்களே எழுத்துக் கோத்து அச்சிட்டு வேறு ஊர்ப் பள்ளிகளுக்கு அனுப்பினார்கள். இன்னொரு பிள்ளை படிக்கப் போகிறான் என்றால் பிழையைத் திருத்த யாரும் சொல்ல வேண்டியதில்லை. மதிப்பெண்ணும் வரிசைப்படுத்துவதும் தவறு என்பது அவர் கொள்கை.

1968 மே மாதத்தில் பாரிஸில் மாணவர் கிளர்ச்சி வெடித்தது நம் எல்லோருக்கும் நினைவிருக்கும். அதன் பிறகு கல்வி அமைச்சராக வந்த எட்கார் ஃபோர் காலத்தில், 1969 ஜனவரி 6ஆம் தேதி ஒரு சுற்றறிக்கை வந்தது. இருபதுக்கு எண் போடுவதை விட்டு, ஏ முதல் ஈ வரை ஐந்து எழுத்துகளில் மதிப்பிடலாம், வரிசைப்படுத்த வேண்டாம் என்றது. நடந்தது என்ன? கொஞ்ச காலத்தில் ஏ பிளஸ், பி மைனஸ் என்று எழுத்துகளுக்கு வால் முளைத்தது. "ஏ என்றால் இருபதுக்கு எத்தனை?" என்று பெற்றோர் கேட்டார்கள். 1971இல் எண்ணுக்கு மறுபடி அனுமதி கொடுத்துவிட்டார்கள். நாற்பது வருடம் சுற்றறிக்கை பார்த்த குமாஸ்தா நான். படிவத்தின் தலைப்பை மாற்றினால் உள்ளே எழுதுகிறவன் மனம் மாறிவிடாது என்று அனுபவத்தில் சொல்கிறேன்.

2003இல் துலூஸ் நகரக் கணிதப் பேராசிரியர் ஆந்திரே அன்திபி ஒரு புத்தகம் எழுதினார். ஒரு வகுப்பில் எல்லோருக்கும் நல்ல மார்க் போட்டால், அந்த ஆசிரியர் தளர்ந்தவர் என்று பெயர் வரும். ஆகவே தம்மை அறியாமலே ஒவ்வொரு ஆசிரியரும் சில பேரைக் கீழே தள்ளிவிடுகிறார் என்றார். அதற்கு அவர் சொன்ன மருந்து எளியது. எதைப் படித்தால் போதும் என்று பிள்ளைகளுக்கு முன்னாலேயே பட்டியல் கொடுத்துவிடுங்கள், தேர்வுக்கு முன் சந்தேகம் கேட்க ஒரு வேளை கொடுங்கள். அந்தப் பட்டியலிலிருந்தே பெரும்பகுதி கேளுங்கள். வலை விரித்துப் பிடிப்பதற்குப் பதில் ஒரு ஒப்பந்தம்.

நம் பக்கமும் சில மாறுதல் வந்தது. 2017இல் தமிழக அரசு பத்தாம் வகுப்பு, பிளஸ் டூ முடிவுகளில் மாநில அளவில் முதல், இரண்டாம் இடம் என்று பெயர் வெளியிடுவதை நிறுத்தியது. புதுச்சேரி, காரைக்கால் பிள்ளைகளும் அப்போது அந்தத் தேர்வைத்தான் எழுதினார்கள். வரவேற்க வேண்டியதுதான். ஆனால் பள்ளிகள் முச்சந்தியில் பேனர் வைப்பது நின்றபாடில்லை.

பிள்ளைகளின் மனம் புரியவில்லை என்று சொல்லும் பெரியவர்களுக்கு நம் உத்தியோக வாழ்க்கையை ஞாபகப்படுத்துவேன். நமக்கும் வருடாவருடம் மார்க் போட்டார்கள், 'கான்பிடென்ஷியல் ரிப்போர்ட்' என்ற பெயரில். மோசமாக எழுதினால் மட்டும் நமக்குத் தெரிவிப்பார்கள். மற்றபடி மேலதிகாரி என்ன எழுதினார் என்று ஓய்வு பெறும் வரை தெரியாது. பிரமோஷன் பட்டியலில் பெயர் விட்டுப்போகும்போதுதான் ஏதோ எழுதியிருக்கிறார் என்று புரியும். எல்லைச் சாலை அமைப்பில் பணிபுரிந்த தேவ் தத் என்ற பொறியாளருக்கு அப்படித்தான் ஆனது. ஒரு வருடம் 'நன்று' என்று எழுதியிருந்தார்கள். பதவி உயர்வுக்கு 'மிக நன்று' வேண்டும். 'நன்று' என்பது மோசம் இல்லையே என்று அவருக்குத் தெரிவிக்கவே இல்லை. 2008இல் உச்ச நீதிமன்றம், நல்லதோ கெட்டதோ எழுதிய எல்லாவற்றையும் ஊழியருக்குக் காட்ட வேண்டும், அவர் பதில் சொல்ல வாய்ப்புத் தர வேண்டும் என்று தீர்ப்புச் சொன்னது. 2011இல் இன்னொரு வழக்கில், தேர்வு எழுதியவர் திருத்திய தன் விடைத்தாளைத் தகவல் உரிமைச் சட்டத்தின் கீழ் பார்க்கலாம் என்றும் தீர்ப்பளித்தது.

இரண்டு தீர்ப்புக்கும் அடியில் இருப்பது ஒன்றுதான். என்னை அளந்தாய், சரி. எப்படி அளந்தாய் என்று காட்டு, நான் சொல்வதையும் கேள். ஒரு பொறியாளருக்கே இது தேவைப்பட்டது. பத்து வயதுப் பிள்ளைக்கு வேண்டாமா? பரீட்சையே வேண்டாம் என்பது என் கட்சியல்ல. திக்தே இல்லாவிட்டால் எனக்குப் பிரெஞ்சு எழுத வந்திருக்காது. அந்தப் பயிற்சியால்தான் ஃபைலில் ஒரு காற்புள்ளி இடம் மாறினாலும் என் கண்ணில் படும். பிழையை எண்ணுங்கள். போன மாதம் எத்தனை, இந்த மாதம் எத்தனை என்பதையும் சேர்த்து எண்ணுங்கள் என்கிறேன்.

நம்மில் பலருக்கு இப்போது பள்ளி செல்லும் பேரப்பிள்ளைகள் இருக்கிறார்கள். தேர்வுத்தாளோடு வரும்போது "எத்தனை?" என்று கேட்பது நம் வாயில் ஊறிப்போன வார்த்தை. அதற்குப் பதிலாக, "தாளைக் காட்டு. போன தடவை தெரியாதது எது இப்போ தெரிஞ்சுது?" என்று கேட்டுப் பாருங்கள். நான் கேட்டுப் பார்த்தேன். முதல் இரண்டு தடவை என் பேத்தி என்னை விநோதமாகப் பார்த்தாள். மூன்றாம் தடவை அவளே தாளைக் கொண்டுவந்து, மார்க்கை விரலால் மறைத்துக்கொண்டு, ஒரு பின்னக் கணக்கைக் காட்டினாள். அந்தக் கணக்கைப் பற்றி அரை மணி நேரம் பேசினோம். மார்க் எத்தனை என்று இருவருமே சொல்லிக்கொள்ளவில்லை.